தம்பி கப்பல்ல இல்லை

அன்புள்ள என் பெரியவளுக்கு, அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் உன் மாமனார் மாமியாரும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே ஆரம்பிக்கறேன். அடுத்த வரியில இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதணும், அதுதான் முறை, ஆனா பேனா அந்த இடத்துல வந்து நின்னுக்கிட்டு நகர மாட்டேங்குது. அதனால தலைகீழா ஆரம்பிக்கறேன். தம்பி உயிரோட இருக்கான். அதை முதல்ல மனசுல வாங்கிக்கிட்டு அப்புறம் மேல படி. பக்கத்துல யாராவது இருந்தா எழுந்து வேற இடத்துக்குப் போ, நின்னுக்கிட்டுப் படிக்காதே, உட்கார்ந்து படி.

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்பே. சொல்லத்தான் போன் போட்டேன், நீ என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்குன்னு கேட்டதும் ஒண்ணுமில்லை சளின்னு சொல்லிட்டு வச்சுட்டேன். போன்ல நீ அழுவே, உன்னைத் தேத்தவே எனக்கு நேரம் சரியாப் போகும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வச்சுடுவேன். கடுதாசின்னா நீ நடுவுல புகுந்து பேச முடியாது பாரு, இதுல இருக்கிற ஒரே சௌகரியம் அதுதான். வீட்டு விலாசத்துக்குப் போடலை, உன் ஆபீஸுக்குப் போடறேன், ஏன்னு படிச்சா உனக்கே தெரியும். எழுத்து கோணல்மாணலா இருக்கும், சாக்பீஸ் பிடிச்சு யூனிஃபார்ம் துணியில கோடு போட்டே பழகின கைக்குப் பேனா வழுக்கிக்கிட்டு ஓடுது, பொறுத்துக்கோ.

முதல்லேர்ந்தே சொல்றேன். உனக்குப் பாதி தெரியும், தெரியாத பாதியிலதான் எல்லாமே இருக்கு. போன வருஷம் தம்பி அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போயிட்டிருந்தவன் ஒரு நாள் காலையில எழுந்திருக்கலை. உடம்பு வலிக்குதுன்னான். மறுநாளும் எழுந்திருக்கலை. அப்புறம் வேலையே போச்சு. குளிக்கறது நின்னு போச்சு, சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பான், ஜன்னல் ஓரமா கன்னத்துல கையை வச்சுக்கிட்டு எதிர்ச் சுவரையே பாத்துக்கிட்டு இருப்பான். உங்கப்பா பஸ் டெப்போவுலேர்ந்து வந்ததும் வராததுமா, என்னடா கப்பலா கவுந்து போச்சு, கையை எடுடா கன்னத்துலேர்ந்துன்னு ஒரு அதட்டல் போடுவார். தினமும் அதே வசனம். நானும் சோம்பேறித்தனம்னுதான் நினைச்சேன், இந்த வயசுல நாங்கல்லாம் எப்படி உழைச்சோம் தெரியுமான்னு பாடம் எடுத்தேன். ஒரு நாள் நான் வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு ஒரு பாவாடைக்கு மடிப்பு வச்சுக்கிட்டிருந்தேன், பக்கத்துல வந்து நின்னான். அம்மா, தூங்கினா எழுந்திருக்கவே கூடாதுன்னு தோணுதும்மான்னு சொன்னான். தண்ணி வேணும்னு கேக்கற மாதிரி சாதாரணமா சொன்னான். குண்டூசியைத் துப்பினேன், அப்படியே அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க இருந்த டாக்டரம்மா அவன்கிட்ட தனியா பேசிட்டு வந்து, இது சோம்பேறித்தனம் இல்லைம்மா, மனச்சோர்வுங்கற நோய், கடுமையாத்தான் இருக்கு, வைத்தியம் இருக்கு, ஆனா கொஞ்ச நாள் இங்கேயே தங்கணும்னு சொன்னாங்க. சரி, துணிமணி எடுத்துக்கிட்டு நாளைக்கு வர்றோம்னு வந்தோம். இவ்வளவு வரைக்கும் உனக்குத் தெரியும்.

மறுநாள் பையோட வாசல்ல இறங்கறோம், எதிர்வீட்டு டீச்சரம்மா செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தவங்க, எங்க எல்லாரும் மூட்டை முடிச்சோட கிளம்பிட்டீங்கன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்கப்பா சொல்லிட்டார், பையனுக்குக் கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு, ஏத்தி விடப் போறோம்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எங்கேயிருந்துடி வந்துச்சு அந்தக் கப்பல்? நம்ம பரம்பரையில கடலைக் கண்ணால பாத்தவங்களையே விரல் விட்டு எண்ணலாம், இவன் பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைக்கலைன்னா வாந்தி எடுக்கிறவன். அப்புறம்தான் புரிஞ்சுது, தினம் தினம் அவனைப் பாத்து கப்பல் கப்பல்னு சொல்லிச் சொல்லி அது நாக்கு நுனியிலேயே ஏறி உட்கார்ந்திருக்கு, அவசரத்துக்கு அதுவே வந்து விழுந்துடுச்சு. டீச்சரம்மா வாயெல்லாம் பல்லா வாழ்த்தினாங்க. தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டு தேங்க்ஸ் டீச்சர்னான். மனநோய் வார்டுக்குப் போற பிள்ளை வாழ்த்து வாங்கிக்கிட்டுப் போனான்.

அன்னிக்குச் சாயந்திரம் உங்கப்பா உனக்குப் போன் போட்டு இதைச் சொன்னப்ப நீ அப்பாடான்னு ஒரு பெருமூச்சு விட்டே, அது எனக்குப் பக்கத்துல கேட்டுச்சு. உன் நாத்தனாருக்குக் கல்யாணப் பேச்சு நடந்துக்கிட்டிருந்துது, மருமக தம்பிக்கு மூளை சரியில்லையாம்னு பேச்சு கிளம்பினா அந்த இடம் தட்டிப் போயிடும், எல்லாப் பழியும் உன் தலையில விடியும்னு பயந்தே. உன் பயம் புரியாத கல்லு இல்லை நான். கப்பல்னே இருக்கட்டும்ப்பா, அங்க போன் எடுக்காதுன்னு சொல்லிக்கலாம், ரொம்ப வசதின்னு நீதான் சொன்னே. உன் மாமனாரும் அன்னிக்கே நாலு பேருக்குச் சொல்லிட்டார். இப்படி அப்பன் மிதக்க விட்டதை நீ தள்ளி விட்டே, நான் கரையில நின்னு வேடிக்கை பாத்தேன்.

ஆஸ்பத்திரியில அவன் கொஞ்சம் தேறினான். சாப்பிட்டான், முகம் கழுவினான், பக்கத்துக் கட்டில் பெரியவருக்குப் பேப்பர் படிச்சுக் காட்டினான். வீட்டுக்கு அனுப்பறப்ப டாக்டரம்மா என்னை உட்கார வச்சுத் தெளிவாச் சொன்னாங்க, மாத்திரை என் கையால குடுக்கணும், கத்திரி பிளேடெல்லாம் பூட்டி வைக்கணும், எல்லாத்தையும் விட முக்கியம் அவன் வெளியில போகணும், வெயில்ல நடக்கணும், மனுஷங்க முகத்தைப் பாக்கணும், அறைக்குள்ளயே அடைஞ்சு கிடக்க விடாதீங்கன்னு. நான் தலையைத் தலையை ஆட்டினேன். வெளியில வந்ததும் உங்கப்பா கேட்டார், கப்பல்ல இருக்கிறவன் தெருவுல எப்படிடி நடப்பான்னு. இருட்டோட இருட்டா பின்வாசல் வழியாத்தான் அவனை வீட்டுக்குள்ள கூட்டிக்கிட்டு வந்தோம். சொந்த வீட்டுக்குத் திருடன் மாதிரி வந்தான் உன் தம்பி. உன் நாத்தனார் கல்யாணம் நிச்சயமாகற வரைக்கும்தானே, கொஞ்ச நாள்தானேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.

நம்ம வீடு உனக்குத் தெரியும். முன் அறையில என் தையல் மெஷின், நடு அறையில டிவி, பின் அறையில நீ படிச்ச அந்த மேஜை. என் தொழில்ல நாள் பூரா ஆள் வந்துக்கிட்டே இருக்கும், அளவு குடுக்க ஒருத்தர், இடுப்பு பிடிக்கலைன்னு ஒருத்தர், ஜிப் போயிடுச்சுன்னு ஒருத்தர். வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா அவன் எழுந்து பின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கணும். யாரும் சொல்லிக் குடுக்கலை, அவனே பழகிக்கிட்டான். தும்மல் வந்தா தலையணையில முகத்தை அழுத்திக்குவான். நான் கத்திரியைக் கழுத்துல கயிறு கட்டி மாட்டிக்கிட்டு, மாத்திரையும் பிளேடும் பூட்டி வச்ச பெட்டிச் சாவியை இடுப்புல செருகிக்கிட்டு, ஒரு காது வந்தவங்க பேச்சுல, ஒரு காது பின் அறைக் கதவுலன்னு உட்கார்ந்து தைப்பேன். போன மாசம் ஒரு பிள்ளைக்குச் சட்டையில ரெண்டு கையையும் இடது கையா வச்சுத் தைச்சுட்டேன்னா பாரு. அவங்கம்மா சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வச்சேன். வெயில்ல நடக்க வேண்டிய பிள்ளை, ஜன்னல் வழியா மேஜை மேல விழற ஒரு கைக்குட்டை அகல வெயில்ல கையை நீட்டி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்.

உங்கப்பா குரல் எப்படின்னு நான் சொல்லணுமா. டெப்போவுல இத்தனை வருஷம் மைக்ல பஸ் அறிவிச்சுப் பழகினவர், மைக் கெட்டுப் போன அன்னிக்குத்தான் நல்லா கேக்குதுன்னு டிரைவருங்க கிண்டல் பண்ணுவாங்க. அந்தக் குரல்ல வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் கப்பல் புராணம் ஆரம்பிச்சுட்டார். முதல்ல அவங்க கேட்டாங்க, இவர் சொன்னார். அப்புறம் கேக்காமலே சொன்னார். ட்ரெயினிங் முடிஞ்சுதாம், கேப்டனுக்கு இவனை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம், இவன் இல்லாம மேப்பையே விரிக்க மாட்டாராம். பொய்னு எனக்குத் தெரியும், சொல்றவருக்கும் தெரியும், ஆனா சொல்லும்போது அந்த மனுஷன் முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாரு, எனக்கு அதட்ட வாய் வராது. பிள்ளையைப் பத்திப் பெருமையா பேசி எத்தனை நாளாச்சு அவருக்கு. அந்த ஆசையில கண்ணு மறைஞ்சு போச்சு. ஆனா கதவு ஒண்ணும் அவ்வளவு கனமில்லையேடி. பின் அறையில இருக்கிறவனுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுக்கிட்டேதான் இருந்துது.

உன் மாமியாரும் ஒரு நாள் அவன்கிட்டப் பேசணும்னு பிடிவாதம் பிடிச்சாங்களே, நினைப்பிருக்கா. நீ முன்கூட்டியே போன் பண்ணி, ஃபேனை வேகமா வச்சுக்கிட்டுப் பேசச் சொல்லும்மா, காத்துச் சத்தம் மாதிரி கேக்கும்னு யோசனை சொன்னே. நானே ஃபேனுக்கு நேரா நாற்காலி போட்டுக் குடுத்தேன். உன் மாமியார், கடல் எப்படிப்பா இருக்குன்னு கேட்டாங்க. இன்னிக்கு அமைதியா இருக்கு அத்தைன்னான். எவ்வளவு அழகாச் சொன்னான் தெரியுமா, மேகம் எப்படி இருக்கு, பறவை வந்து கம்பியில உட்காருது, அது இதுன்னு. உன் மாமியார் எழுந்து போனதும் நீ போனைக் கையில வாங்கினே, நாம எல்லாரும் ரெண்டு பக்கமும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவனும் சிரிச்சான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சான்னு நான் அன்னிக்கு டாக்டரம்மாகிட்டக்கூடப் பெருமையாச் சொன்னேன், ஏன் சிரிச்சான்னு மட்டும் சொல்லலை. இப்ப நினைச்சா நெஞ்சு எரியுது. நோயாளிப் பிள்ளையை உட்கார வச்சு நல்லா இருக்கிறவன் வேஷம் போட வச்சு, நடிப்பு நல்லா இருக்குன்னு கைதட்டியிருக்கோம்.

இனிமே எழுதப் போறதுதான் கஷ்டம். போன மாசம் ஒரு மத்தியானம் டீச்சரம்மா அவங்க தங்கச்சியைக் கூட்டிக்கிட்டு ஜன்னல் திரை தைக்க அளவு குடுக்க வந்தாங்க. உங்கப்பாவுக்கு அன்னிக்கு லீவு. தங்கச்சி புது ஆள் இல்லையா, கப்பலை முதல்லேர்ந்து ஓட்டினார். இவனுக்குப் பதவி உயர்வு குடுத்துட்டாங்க, இனிமே வருஷக்கணக்குல வர மாட்டான், எங்களுக்கும் பழகிப் போச்சு, அவன் நல்லா இருந்தா சரி, எங்களுக்கு வேற என்ன வேணும்னு சொன்னார். அவங்க போனதும் நான் டீ போட்டு எடுத்துக்கிட்டுப் பின் அறைக் கதவைத் தட்டினேன். தள்ளித் திறந்து நான் பாத்ததை உனக்கு எழுத மாட்டேன், நீயும் எப்பவும் என்கிட்டக் கேக்காதே. நான் போட்ட சத்தத்துல உங்கப்பா ஓடி வந்தார். வந்து பாத்தார். பாத்துட்டு அந்த மனுஷன் முதல்ல என்ன செஞ்சார் தெரியுமா? ஓடிப் போய் வாசக்கதவைச் சாத்தினார். என் பிள்ளை அங்க கிடக்கான், இவர் வாசக்கதவைச் சாத்தறார். அப்புறம் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார், பண்ணி விலாசம் சொல்லிட்டு, சைரன் போடாம வாங்கன்னு சொன்னார். பெரியவளே, முப்பது வருஷமா அவரோட குடும்பம் நடத்தறேன், நல்ல மனுஷன், பிள்ளைங்க மேல உயிரை வச்சிருக்கிறவர். அந்த நல்ல மனுஷன் வாயிலேர்ந்து அது வந்துச்சு. நான் போனைப் பிடுங்கி, போடுங்கய்யா, ஊரே எழுந்து வழி விடற மாதிரி போடுங்கன்னு கத்தினேன். ஆனாலும் வண்டி பின்பக்கச் சந்துலதான் வந்து நின்னுது, முகத்தை மூடித்தான் தூக்கிட்டுப் போனோம். யாருக்கோ மயக்கம்னு தெருவுல சொல்லிக்கிட்டாங்களாம்.

பிழைச்சான். எப்படிப் பிழைச்சான்னு எனக்கு இன்னும் தெரியலை, கொஞ்சம் முன்னப் பின்ன ஆகியிருந்தா இந்தக் கடுதாசி வேற மாதிரி இருந்திருக்கும். அவன் பேசற நிலைமைக்கு வந்ததும் டாக்டரம்மா அவன் சம்மதத்தோட எங்க ரெண்டு பேரையும் உள்ள கூப்பிட்டாங்க. அவன் சொன்னதை அவன் எதிர்லயே எங்களுக்குச் சொன்னாங்க. கப்பல்ல இருக்கிறவன் நல்லா இருக்கான் டாக்டர், அப்பாவுக்கு அவனைத்தான் பிடிச்சிருக்கு, அக்கா வீட்டுலயும் அவனைத்தான் பிடிச்சிருக்கு, அவனால யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இங்க இருக்கிறவன்தான் இடைஞ்சல். நான் போயிட்டாக்கூட அவன் பாட்டுக்கு அங்க இருப்பான், யாரும் அழ வேண்டியதுகூட இல்லை, வருஷக்கணக்குல வர மாட்டான்னு அப்பா ஏற்கெனவே சொல்லி வச்சுட்டார். இதுதாண்டி உன் தம்பி சொன்னது. எனக்கு அந்த நாற்காலியிலேயே உயிர் போயிட்டா தேவலைன்னு இருந்துச்சு. டாக்டரம்மா திட்டலை, திட்டியிருந்தா ஆறுதலா இருந்திருக்கும். உங்கப்பாவைப் பாத்து, உங்க வீட்டுல இந்தப் பையன் இருக்க இடம் இருக்கா சார்னு மட்டும் கேட்டாங்க. பஸ் டெப்போவையே அதிர வச்ச குரல், இருக்கும்மான்னு சொல்ல எத்தனை தடவை தொண்டையைக் கனைச்சுதுன்னு நான்தான் பாத்தேன்.

போன வாரம் வீட்டுக்கு அனுப்பினாங்க. இந்தத் தடவை நான் பட்டப்பகல்ல, பள்ளிக்கூடம் விடற நேரமாப் பாத்துத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். தெரு முழுக்கப் பிள்ளைங்க, பாதிப் பிள்ளைங்க உடம்புல நான் தைச்ச துணி. முன்வாசல்ல வண்டியை நிறுத்தி இறங்கினோம். டீச்சரம்மா அப்பத்தான் ஸ்கூல்லேர்ந்து வந்துக்கிட்டிருந்தாங்க, ஓடி வந்தாங்க, அடடே கப்பல்காரர், எப்ப வந்தே, இப்படி இளைச்சுப் போயிட்டியே, லீவா, எப்பத் திரும்பிப் போகணும்னு கேட்டாங்க. உங்கப்பா பையைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார், வாய் அசையுது, சத்தம் வரலை. தம்பி அப்பா முகத்தைப் பாத்தான். பாத்துட்டு, அவனே சொன்னான், அடுத்த வாரம் கிளம்பணும் டீச்சர்னு. புரியுதாடி உனக்கு? சாவு வாசல் வரைக்கும் போயிட்டு வந்து நிக்கிற பிள்ளை, அப்பா மானம் போயிடக் கூடாதேன்னு அவர் பொய்யை இவன் தூக்கறான். அவன் எங்கேயும் போகலை டீச்சர், எந்தக் கப்பலும் இல்லை, அவனுக்கு மனசுல நோய், ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம், செத்துப் பிழைச்சு வர்றான், இனிமே இந்த வீட்டுலதான் இருப்பான்னு சொல்லிட்டேன். சத்தமாவே சொன்னேன். பிள்ளைங்கல்லாம் நின்னு பாத்துதுங்க. டீச்சரம்மா அப்படியான்னு சொல்லிட்டு அவங்க கேட்டைத் திறந்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. தம்பி என் தோள்ல முகத்தை வச்சுக்கிட்டு, ஏம்மா, ஏம்மான்னான். கோவமா நிம்மதியான்னு எனக்குத் தெரியலை, தோள் நனைஞ்சுது, அவ்வளவுதான் தெரியும்.

அதுக்கப்புறம் எல்லாம் சரியாப் போச்சுன்னு எழுத எனக்கும் ஆசைதான். ரெண்டு வீட்டுக்காரங்க தைக்கக் குடுத்த துணியை அவசரம்னு சொல்லித் திருப்பி வாங்கிக்கிட்டுப் போனாங்க, என்ன அவசரம்னு எனக்குத் தெரியாதா. உங்கப்பா என்னோட பேசறதில்லை, என்னைக் கேக்காம நடுத்தெருவுல கொட்டிட்டியேங்கறார். ஆனா மறுநாள் காலையில சவரம் பண்ணிக்கிட்டு, சட்டையைப் போட்டுக்கிட்டு, வாசல்ல நின்னு, வாடா நடந்துட்டு வரலாம்னு அவனைக் கூப்பிட்டார். நல்ல வெயில்ல. தம்பி முன்னால நடந்தான், இவர் கொஞ்சம் தள்ளிப் பின்னாலயே போனார், தினமும் போறார். டெப்போவுல யாரோ கப்பலைப் பத்திக் கேட்டதுக்கு, வீட்டுலதான் இருக்கான், உடம்பு சரியில்லைன்னு சொன்னாராம். மனசுன்னு சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரலை, வரும்போது வரட்டும். தம்பிக்கு இன்னும் ராத்திரி தூங்கறதுக்கு மாத்திரை வேணும், பகல்ல அதே மாத்திரையால மந்தமா இருக்கான், கை நடுங்குது, சில நாள் ஒரு வார்த்தை பேசறதில்லை. இந்த மாத்திரை பிடிக்கலைன்னா வேற மாத்தணும், பிடிக்க வாரக்கணக்காகும், இனி வர்ற சில மாசம் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாத்துக்கணும், மறுபடி நடக்காதுன்னு நான் வாக்கு குடுக்க முடியாதுன்னு டாக்டரம்மா நேராவே சொல்லிட்டாங்க. அதனால பயம் போகலை. பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் நின்னாப் போதும், மெஷின் பெடல்லேர்ந்து என் கால் தானா எடுத்துக்குது. அவன் இருக்கானான்னு பாத்துட்டு வந்து உட்காருவேன். இப்படித்தான் போகுது.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். டீச்சரம்மாவோட தங்கச்சி வீட்டுக்காரங்களும் உன் மாமியார் வீட்டுக்காரங்களும் ஒரே வட்டாரம், உனக்கே தெரியும். இந்தக் கடுதாசி உன் கையில கிடைக்கிறதுக்குள்ளயோ கிடைச்ச கையோடயோ அங்க காதுல விழுந்துடும். அவங்க வாயால நீ கேக்கறதுக்கு முன்னாடி உன் வாயால அவங்க கேக்கட்டும்னுதான் இவ்வளவு அவசரமா எழுதறேன். உன் மாமியார் கோவிச்சுக்குவாங்க. எங்களை முட்டாளாக்கிட்டீங்களேன்னு கேப்பாங்க, அது நியாயம், தலையைக் குனிஞ்சு வாங்கிக்கோ, நானும் வந்து வாங்கிக்கறேன். உன் நாத்தனாருக்கு வந்திருக்கிற இடம் ஒருவேளை இதனால தட்டிப் போகலாம், அந்தப் பொண்ணை நினைச்சாலும் எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. உனக்கும் நாளைக்குக் குழந்தை குட்டி ஆகும்போது பேச்சு வரும், இவ பக்கம் அப்படியாமேன்னு. வரட்டும். மாப்பிள்ளை உன் பக்கம் நிப்பார்னு எனக்கு ஒரு நம்பிக்கை, அன்னிக்கு போன்ல கூத்து நடந்தப்ப உன் பக்கத்துல இருந்த அவர் சிரிப்புச் சத்தம் மட்டும் கேக்கலை, நான் கவனிச்சேன். ஆனா எது ஆனாலும் சரி, அம்மா இன்னும் கொஞ்ச நாள் மூடி வைம்மான்னு மட்டும் என்கிட்டக் கேட்டுடாதே. நீயும் என் வயித்துல பிறந்தவதான். உன் வாழ்க்கை ஒரு தட்டுலயும் அவன் உயிர் ஒரு தட்டுலயும் வச்சு என்னை எடை போடச் சொல்லாதே, நான் எந்தப் பக்கம் கையை வைப்பேன்னு நீயும் நானும் தெரிஞ்சுக்காம இருக்கறதே நல்லது.

கோவமா எழுதிட்டேனோ என்னமோ, கிழிச்சுட்டுத் திருப்பி எழுத நேரமில்லை, அப்படியே போடறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு மத்தியானச் சாப்பாட்டை மூணு மணிக்கு இழுக்காதே, உனக்குப் பித்தம் தலைக்கு ஏறும். இதைப் படிச்சுட்டு உடனே ஓடி வர்றேன்னு டிக்கெட் போடாதே, அவனைப் பாத்து நீ அழுதா அவன் உன்னைத் தேத்த ஆரம்பிச்சுடுவான், அந்தப் பழக்கம் அவனுக்கு வேண்டாம். அவன்கிட்டப் பேசும்போது தைரியமா இரு, நல்லதையே நினை, அது இதுன்னு உபதேசம் பண்ணாதே, நான் பண்ணிப் பாத்துட்டேன், அது உப்புக்குக்கூட உதவலை. என்ன சாப்பிட்டேன்னு கேளு, தூங்கினியான்னு கேளு, பதில் வரலைன்னா வைக்காம கொஞ்ச நேரம் சும்மா இரு. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் மனசு ஒத்து வாழணும், உன் நாத்தனாருக்கு நல்ல இடமா அமையணும், உன் மாமனார் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு, எல்லாரையும் நல்லபடியா வச்சிருக்கணும்னு வேண்டிக்கறேன்.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. எல்லாத்தையும் சொல்லி முடிச்சப்புறம், உன் மாமியாரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு, மாமனாரையும் இருக்கச் சொல்லி, தம்பிக்குப் போன் போடு. எங்கடா இருக்கேன்னு கேளு. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம். அவன் உடனே பதில் சொல்ல மாட்டான், உன் குரல்லேர்ந்து என்ன சொல்லணும்னு தேடுவான், நீ எடுத்துக் குடுக்காதே, அவனே சொல்ற வரைக்கும் பொறுத்துக்கோ. வீட்டுல இருக்கேன் அக்கான்னு சொல்லுவான். சரிடா, அங்கேயே இருன்னு சொல்லு.

உன்னையும் அவனையும் பெத்தவ,
அம்மா